போதைப்பொருளை வீட்டில் பரிசோதிப்பது எப்படி? முதல்முறை கிட் எடுப்பவர்களுக்கு

2014 டிசம்பரில் நெதர்லாந்தின் பரிசோதனை மையத்துக்கு இளஞ்சிவப்பு மாத்திரை ஒன்று வந்து சேர்ந்தது. மேலே சூப்பர்மேன் சின்னம். எக்ஸ்டசி, அதாவது எம்டிஎம்ஏ, என்று சொல்லி விற்கப்பட்டது. ஆய்வகத்தில் பார்த்தால் உள்ளே இருந்தது பிஎம்எம்ஏ என்ற வேறொரு போதைப்பொருள், அதுவும் உயிரைப் பறிக்கும் அளவில். உடனே அந்த நாட்டுத் தொலைக்காட்சியில் எச்சரிக்கை போனது. அதே மாத்திரை பிரிட்டனிலும் சுற்றிக்கொண்டிருந்தது. அடுத்த சில வாரங்களுக்குள் அங்கே நான்கு பேர் இறந்தார்கள்.

பிஎம்எம்ஏ மெதுவாகத்தான் வேலை செய்யும். போட்டவர் "இது வீக்கான மாத்திரை போல" என்று நினைத்து இன்னொன்றைப் போடுவார். பிறகு இரண்டும் சேர்ந்து உடல் சூட்டைக் கட்டுக்கு மீறி ஏற்றிவிடும். நான் இந்தச் சம்பவத்தை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. மார்க்விஸ் என்ற பரிசோதனைத் திரவத்தில் எம்டிஎம்ஏ சில நொடிகளில் ஊதாவாகிக் கறுத்துவிடும். பிஎம்எம்ஏ மட்டும் இருந்தால் நிறமே வராது. ஒரே ஒரு துளி போதும், "நீ வாங்கியது இது இல்லை" என்று சொல்லிவிட.

போதைப்பொருளைத் தொடாமல் இருப்பதுதான் நல்லது. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் எத்தனை சொன்னாலும் சிலர் எடுக்கத்தான் போகிறார்கள். அவர்களும் மறுநாள் காலையில் கண் விழிக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் மனதில் ஆழமாகப் பதித்துக்கொள்ளுங்கள். எந்தக் கிட்டும் "இது பாதுகாப்பானது" என்று சொல்லாது. அதற்கு "வேண்டாம்" என்று சொல்லத் தெரியும், "சரி, எடுத்துக்கொள்" என்று சொல்லத் தெரியாது. இந்தக் கட்டுரையை எந்த இடத்தில் படித்துக்கொண்டிருந்தாலும் இதை மறந்துவிடாதீர்கள்.

தயார் செய்துகொள்ள வேண்டியவை

வீட்டுக் கிட்டுகள் இரண்டு வகை. ஒன்று, சொட்டுவிட்டால் நிறம் மாறும் ரீஏஜென்ட் திரவங்கள். மற்றொன்று, தண்ணீரில் நனைத்துக் கோடு பார்க்கும் டெஸ்ட் ஸ்ட்ரிப்கள். இரண்டும் வேறு வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்பவை. அதனால் ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று விட்டுவிட முடியாது.

மார்க்விஸ், மெக்கே, மாண்டலின் போன்ற திரவங்களில் இருப்பது அடர் கந்தக அமிலம். தோலில் பட்டால் புண்ணாக்கும், கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். எனவே நைட்ரைல் கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் மூடியைத் திறக்காதீர்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும். குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் அந்த அறைக்குள் வரக்கூடாது. தோலில் பட்டுவிட்டால் துடைத்துக்கொண்டு நிற்காமல் ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். கண்ணில் பட்டாலும் அதே போலக் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

பரிசோதிக்கும் இடத்துக்கு வெள்ளைப் பீங்கான் தட்டுதான் சரி. காகிதமோ மரமோ வைத்தால் அமிலம் அதையே கருக்கிவிடும், நீங்கள் அதைப் பொருளின் நிறம் என்று நினைத்துக்கொள்வீர்கள். அந்தத் தட்டை இனிமேல் வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது. நல்ல வெளிச்சம், போனில் ஒரு டைமர், கொஞ்சம் சமையல் சோடா. ஸ்ட்ரிப்புக்கு மில்லிகிராம் காட்டும் சிறு தராசு இருந்தால் நல்லது.

ரீஏஜென்ட் சோதனை

முதலில் வெறும் தட்டில் ஒரு துளி விட்டுப் பாருங்கள். பொருள் எதுவும் வேண்டாம். பழையதாகிக் கெட்டுப்போன திரவம் தானாகவே நிறம் மாறியிருக்கும். அப்படி இருந்தால் அந்தப் பாட்டிலை ஒதுக்கிவிடுங்கள், அது என்ன காட்டினாலும் நம்ப முடியாது. இந்த ஒரு நிமிட வேலையைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அடுத்து மாதிரி. கடுகில் பாதி அளவு போதும். மாத்திரையாக இருந்தால் ஒரு ஓரத்தில் மட்டும் சுரண்டாமல் இரண்டு மூன்று இடங்களில் இருந்தும், முக்கியமாக உள்பக்கத்திலிருந்தும் எடுங்கள். மேல்பூச்சின் சாயமே நிறத்தைக் குழப்பிவிடும். எடுத்ததைத் தட்டில் தனித்தனிப் புள்ளிகளாக வையுங்கள், ஒரு திரவத்துக்கு ஒரு புள்ளி.

பாட்டிலின் மூக்கு பொருளைத் தொடாமல், சற்று மேலே பிடித்து ஒரு துளி விடுங்கள். தொட்டுவிட்டால் பாட்டில் முழுவதும் பாழ். துளி விழும்போதே வீடியோ எடுக்கத் தொடங்கிவிடுங்கள். முதல் நிறம் சில சமயம் இரண்டு நொடிதான் நிற்கும், கண்ணை நம்பி இருக்க முடியாது. எம்டிஎம்ஏ மேல் மார்க்விஸ் விழும்போது சின்னதாகப் பொங்கும். ஓரத்திலிருந்து ஊதா ஓடிவந்து, மை கொட்டியது போல நடுவில் கறுத்துவிடும்.

முதல் ஒரு நிமிடத்தில் நடப்பதுதான் விடை. ஐந்து நிமிடம் கழித்து வந்து பார்த்து "ஐயோ, கறுத்துவிட்டதே" என்றால் அதற்குப் பொருளில்லை. நேரம் போனால் திரவம் தானாகவே கறுக்கலாம்.

அப்புறம் பாட்டிலோடு வந்த நிற அட்டையோடு ஒப்பிடுங்கள். மார்க்விஸில் ஆரஞ்சு வந்து பழுப்புக்குப் போனால் அது ஆம்பெட்டமின் அல்லது மெத்தாம்பெட்டமினாக இருக்கலாம். மார்க்விஸ் ஒன்றை மட்டும் வைத்து இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. ஹெராயினும் மார்பினும்கூட அதில் ஊதா காட்டும். அதனால்தான் ஒரே திரவத்தோடு நிறுத்தக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம். சைமன்ஸ் என்பது இரண்டு பாட்டில்கள். முதல் பாட்டிலில் ஒரு துளி, அதன் மேலேயே இரண்டாவதில் ஒரு துளி. மெத்தாம்பெட்டமினும் எம்டிஎம்ஏவும் அதில் நீலமாகும், ஆம்பெட்டமினும் எம்டிஎம்ஏவின் நெருங்கிய உறவான எம்டிஏவும் ஆகாது. ஆரஞ்சு வந்து நீலமும் வந்தால் கையில் இருப்பது என்ன என்று இப்போது உங்களுக்கே புரியும்.

எல்எஸ்டி என்று விற்கப்படும் காகிதத் துண்டுக்கு எர்லிக் என்ற தனித் திரவம் இருக்கிறது. ஓரத்தில் மிகச் சிறிய துண்டு வெட்டி, மேலே ஒரு துளி. இதில் மட்டும் ஒரு நிமிடக் கணக்கு பொருந்தாது, சில நிமிடம் பொறுமையாக இருங்கள். ஊதா எழுந்தால் எல்எஸ்டி குடும்பம் அல்லது அதைப் போன்ற அமைப்புள்ள வேறு ஏதோ ஒன்று இருக்கிறது. எதுவும் வரவில்லை என்றால் தூக்கிப் போடுங்கள். எல்எஸ்டி என்று சொல்லி என்பிஓஎம்இ வகைப் பொருள்களை விற்றதில் உயிர்கள் போயிருக்கின்றன. அவை எர்லிக்கில் நிறமே காட்டாது.

நிறம் சொல்லாமல் விடுவது

நிறச் சோதனையில் பெரிய குரல் உள்ளவன் பேச்சுதான் கேட்கும். எம்டிஎம்ஏவும் பிஎம்எம்ஏவும் கலந்த மாத்திரையிலும் மார்க்விஸ் அழகாக ஊதாவாகிக் கறுக்கும். உள்ளே ஒளிந்திருப்பவனைக் காட்டாது. எவ்வளவு இருக்கிறது என்பதையும் சொல்லாது. அடர்ந்த நிறம் வந்தால் "நல்ல சரக்கு" என்று பேசிக்கொள்கிறார்கள், அது தவறு. அளவைச் சொல்ல ஆய்வகக் கருவிகளால்தான் முடியும்.

ஃபென்டனில் விஷயத்தில் இது உயிர்ப் பிரச்சினை. ஹெராயின், மார்பின் போல ஓபியாய்டு வகையைச் சேர்ந்தது அது, மார்பினைவிட 50 முதல் 100 மடங்கு வீரியமுள்ளது. பழக்கமில்லாத உடலுக்கு 2 மில்லிகிராமே எமனாகலாம். அந்த அளவு ஒரு பவுடரில் கலந்திருந்தால் நிறத் துளிகளுக்குத் தெரியவே தெரியாது. அதற்குத்தான் ஸ்ட்ரிப்.

ஃபென்டனில் ஸ்ட்ரிப்

சுத்தமான, உலர்ந்த சிறு கிண்ணத்தில் குறைந்தது 10 மில்லிகிராம் எடுங்கள். பெரும்பாலான பொருள்களுக்கு அரை டீஸ்பூன் தண்ணீர் போதும். மெத்தாம்பெட்டமினுக்கும் எம்டிஎம்ஏவுக்கும் ஒவ்வொரு 10 மில்லிகிராமுக்கும் ஒரு முழு டீஸ்பூன், அதாவது 5 மில்லிலிட்டர் வேண்டும். அவை கரைசலில் அடர்த்தியாக இருந்தால் ஃபென்டனில் இல்லாமலே இருப்பதாகக் காட்டிவிடும். உங்கள் ஸ்ட்ரிப்போடு வந்த குறிப்பு வேறு அளவு சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

நன்றாகக் கலக்கி, ஸ்ட்ரிப்பின் அலைக்கோடு போட்ட முனையைச் சுமார் 15 நொடி தண்ணீரில் பிடியுங்கள். வெளியே எடுத்துச் சமமான இடத்தில் வைத்துவிட்டு இரண்டிலிருந்து ஐந்து நிமிடம் காத்திருங்கள்.

இனிதான் பலரும் தடுக்கி விழும் இடம். கோடு எண்ணும் சோதனை என்றால் நமக்குத் தெரிந்தது கர்ப்பச் சோதனையும் கோவிட் சோதனையும். அவற்றில் இரண்டு கோடு வந்தால் "இருக்கிறது". ஃபென்டனில் ஸ்ட்ரிப்பில் நேர்மாறு. ஒரு கோடு என்றால் ஃபென்டனில் இருக்கிறது. இரண்டு கோடு என்றால் தென்படவில்லை. ஒரு முறை என் நண்பர் ஒற்றைக் கோட்டைப் பார்த்துவிட்டு "அப்பாடா, ஒன்றுமில்லை" என்று நிம்மதியாக மூச்சு விட்டார். நான் பக்கத்தில் இருந்தேன். அவர் கையில் இருந்ததைப் பிடுங்கிக் கொட்டிவிட்டுத்தான் விளக்கமே சொன்னேன். இன்று நினைத்தாலும் எனக்கு நடுக்கம் வருகிறது.

ஏன் இப்படித் தலைகீழாக இருக்கிறது என்று புரிந்துகொண்டால் மறக்காது. ஸ்ட்ரிப்புக்குள் நிறமேற்றிய நுண்துகள்கள் ஓடுகின்றன. சோதனைக் கோட்டில் போய் ஒட்டிக்கொள்வது அவற்றின் வேலை. கரைசலில் ஃபென்டனில் இருந்தால் அது வழியிலேயே அவற்றைப் பிடித்துக்கொள்ளும். கோட்டில் ஒட்ட ஆளில்லை, கோடு விழாது. இரண்டாவது கோடு மங்கலாகத் தெரிந்தாலும் அது கோடுதான், தென்படவில்லை என்றுதான் பொருள். ஸ்ட்ரிப் வேலை செய்கிறது என்று காட்ட எப்போதும் விழ வேண்டிய கட்டுப்பாட்டுக் கோடே வரவில்லை என்றால் அந்த ஸ்ட்ரிப் செல்லாது, புதிதாக ஒன்று எடுங்கள்.

"தென்படவில்லை" என்பதை "இல்லை" என்று படிக்காதீர்கள். கல் பொறுக்காத அரிசியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிடியில் கல் இருக்காது, அடுத்த பிடியில் பல் உடையும். பவுடரில் ஃபென்டனில் இப்படித்தான் கட்டி கட்டியாக இருக்கும். பரிசோதித்த துணுக்கு சுத்தமாக இருந்து, மிச்சத்தில் ஒளிந்திருக்கலாம். எடுக்கப்போகும் முழு அளவையும் பொடித்துக் கலந்து சோதிக்கும்போதுதான் இந்த இடைவெளி குறைகிறது. இன்னொன்று: நைட்டாசீன் என்ற ஓபியாய்டு குடும்பத்தையும், சைலசின் என்ற கால்நடை மயக்க மருந்தையும் இந்த ஸ்ட்ரிப் காட்டாது. அவற்றுக்குத் தனித்தனி ஸ்ட்ரிப்கள் இருக்கின்றன.

விடை வந்த பிறகு

எதிர்பார்த்தது வரவில்லை, அல்லது எதிர்பாராதது வந்துவிட்டது என்றால் அதை எடுக்காதீர்கள். காசு போட்டாயிற்றே என்ற நினைப்பு வரும், எனக்குப் புரிகிறது. அந்தக் காசு போகட்டும்.

எல்லாம் சரியாகவே வந்தாலும் தனியாக இருக்காதீர்கள். மதுவோடோ வேறு மருந்தோடோ கலக்காதீர்கள். தெளிவாக இருக்கும் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும், அவர் கையில் ஓபியாய்டின் வேலையை முறிக்கும் நலோக்சோன் மருந்து இருக்கட்டும். உதடு நீலமாவது, கண்மணி ஊசிமுனை போல் சுருங்குவது, குறட்டை மாதிரி கரகரத்த மூச்சு, உலுக்கினாலும் எழாமல் இருப்பது, இவை ஓபியாய்டு மிகையானதற்கான அறிகுறிகள். "தூங்கட்டும்" என்று விட்டுவிடக் கூடாது. அவசர உதவியை அழைத்துவிட்டு நலோக்சோனைக் கொடுங்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் அது வேலை செய்யும். ஆனால் 30 முதல் 90 நிமிடத்தில் அதன் வலு இறங்கிவிடும், மூச்சு மறுபடி அடங்கலாம். அதனால் ஆள் எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் மருத்துவ உதவி வரும்வரை விட்டு நகராதீர்கள். சைலசினுக்கு நலோக்சோன் வேலை செய்யாது. கூடவே ஓபியாய்டும் இருக்க வாய்ப்புண்டு என்பதால் அப்போதும் கொடுத்தாக வேண்டும்.

ஆய்வகச் சேவை கிடைக்கும் இடத்தில் இருந்தால் வீட்டுக் கிட்டோடு நின்றுவிடாதீர்கள். நெதர்லாந்தில் 1992 முதலே அரசு ஆதரவோடு இது நடக்கிறது. நியூசிலாந்து 2021இல் நிரந்தரச் சட்டமே போட்டது. சில இடங்களில் இதற்கு நேர்மாறு, ஸ்ட்ரிப் வைத்திருப்பதே குற்றமாகலாம். உங்கள் இடத்துச் சட்டத்தைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

சோதித்த துணுக்கில் அமிலம் இருக்கிறது, அது திரும்ப வாய்க்குப் போகக் கூடாது. தட்டின் மேல் சமையல் சோடாவைத் தூவுங்கள், நுரைத்து அடங்கும். பிறகு கையுறையைக் கழற்றாமலே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பாட்டில்களை இறுக மூடி, நிமிர்த்தி, சாப்பாடு இல்லாத குளிர்ச்சியான இருட்டிடத்தில் வையுங்கள். திறந்த தேதியைப் பாட்டில் மேலேயே எழுதிவிடுங்கள்.

கடைசியாக அந்த வீடியோ. அதே சரக்கை வாங்கிய வேறு யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், விடை தவறாக வந்த அந்த நிமிடமே அவர்களுக்கு அனுப்பி, போனும் போட்டுச் சொல்லுங்கள். நள்ளிரவாக இருந்தாலும் சரி.