பீரோவில் கிடக்கும் சின்னக் கேமராவை மறுபடி எடுக்கும்போது

பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிய கையடக்க டிஜிட்டல் கேமராவைப் பீரோவிலிருந்து எடுத்துப் பொத்தானை அழுத்தி, திரை இருண்டே கிடப்பதைக் கண்டதும், அது போய்விட்டது என்று நாமே தீர்ப்பெழுதிவிடுகிறோம். பெரும்பாலும் கேமரா கெட்டிருக்காது. பேட்டரி, மெமரி கார்டு, லென்ஸ் ஆகிய மூன்றில் ஒன்று முரண்டு பிடித்திருக்கும். கடைக்குத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன் இம்மூன்றையும் இதே வரிசையில் பார்த்துவிட வேண்டும்.

உங்கள் கேமரா இரண்டு டபுள் ஏ செல்களில் ஓடுவதாயின், சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் மலிவான செல்லை அதில் போடாதீர்கள். கடிகாரம் மின்சாரத்தைச் சொட்டுச் சொட்டாகக் குடிக்கும். கேமராவோ லென்ஸை வெளியே தள்ளும்போதும் ஃபிளாஷுக்குச் சக்தி ஏற்றும்போதும் ஒரே மடக்கில் குடிக்கும். அந்த இழுப்புக்குத் தாங்காமல் மலிவு செல் சில படங்களிலேயே படுத்துவிடும். சார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் 1.2 வோல்ட்தான், சாதாரண செல் 1.5 வோல்ட் என்றாலும், கேமராவுக்கு முன்னதே ஏற்றது. தட்டையான லித்தியம் பேட்டரியின் வயிறு உப்பியிருந்தால் அதை மறுபடி சார்ஜ் செய்வதோ அழுத்தித் திணிப்பதோ கூடாது, மாற்றிவிடுங்கள்.

அடுத்தது கார்டு. பழைய கேமராவில் இன்றைய 64 ஜிபி கார்டைச் செருகிவிட்டுக் கேமராவைக் குறை சொல்வதில் பொருளில்லை. 2006-க்கு முன் வந்த மாடல்கள் பெரும்பாலும் 2 ஜிபி வரையுள்ள எஸ்டி கார்டையே அறியும். அவ்வாண்டு வந்த எஸ்டிஹெச்சி வகை 32 ஜிபி வரை செல்லும். அதற்கு மேற்பட்டவை 2009-இல் அறிமுகமான எஸ்டிஎக்ஸ்சி. கார்டு பூட்டப்பட்டுள்ளது என்று திரை சொன்னால், கார்டின் பக்கவாட்டிலுள்ள சிறு தாழ்ப்பாளை நகத்தால் மேலே தள்ளினால் போதும். தவறுதலாகப் படங்களை அழித்துவிட்டால், அந்த நொடியே கார்டை வெளியே எடுத்துவிடுங்கள். அதன்மேல் புதுப் படம் பதியாத வரை, ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருளால் மீட்க வாய்ப்புண்டு.

லென்ஸ் விஷயத்தில் நானே பட்டிருக்கிறேன். ஒரு கோடையில் வறண்ட பாலாற்று மணலில் பிள்ளைகள் விளையாடுவதை எடுத்துவிட்டுக் கேமராவை அப்படியே சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். வீடு வந்து பொத்தானை அழுத்தியபோது லென்ஸ் பாதி தூரம் வந்து, நறநறவென்று பல்லைக் கடித்து நின்றுவிட்டது; குழலுக்கும் அதன் வளையத்துக்கும் இடையே ஒரே ஒரு மணல் துகள். இந்நிலையில் விரலால் பிடித்து இழுத்தால் உள்ளேயுள்ள சிறு பிளாஸ்டிக் பற்சக்கரங்கள் உடையும். பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் பொறுத்து, லென்ஸ் தரையை நோக்கியிருக்கும்படி பிடித்து, இடுக்கைச் சுற்றி மென்மையான உலர்ந்த தூரிகையால் தட்டிவிட்டு, முழு சார்ஜுள்ள பேட்டரியைப் போட்டு மறுபடி இயக்குங்கள். எனக்கு நான்காம் முறை வழிக்கு வந்தது. ஆனால் திருகாணிகளைக் கழற்றி உடலைத் திறக்க வேண்டாம். ஃபிளாஷின் மின்தேக்கியில் பேட்டரியை எடுத்த பின்னும் ஏறத்தாழ 300 வோல்ட் தங்கியிருக்கக்கூடும்.

படம் மங்கலாக வருவது பழுதே அல்ல, நம் விரலின் அவசரம். ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தி, திரையில் பச்சைக் கட்டம் தோன்றும்வரை நிறுத்தி, பிறகே மீதியை அழுத்த வேண்டும். என்னைக் கேட்டால், இந்த ஒரு பழக்கம் பத்து மெகாபிக்சலுக்குச் சமம். வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபத் தூணொன்றை, படமெடுக்க அனுமதி இருக்கும் வேளையில், எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இத்தகைய கேமராக்களின் ஃபிளாஷ் சுமார் 3 மீட்டருக்கு மேல் எட்டாது. அருகிலுள்ள யாளியின் முகத்தை வெளுக்கவைத்து, பின்னாலுள்ள தூண்களை இருளில் தள்ளிவிடும். அதை அணைத்துவிட்டு, ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓவை 400-இல் நிறுத்தி, கேமராவைத் திண்டின் மேலோ மடித்த துண்டின் மேலோ வைத்து, இரண்டு விநாடி டைமரைப் போட்டுக் கையை எடுத்துவிடுங்கள். அப்போது பக்கவாட்டிலிருந்து விழும் வெளிச்சத்தில் குதிரை வீரனின் சேணக் கயிறுகூடத் தனித்துத் தெரியும். கருங்கல் அளவுக்கு மீறி வெளிறித் தெரிந்தால், கூட்டல் கழித்தல் குறியுள்ள பொத்தானால் வெளிச்சத்தை ஒரு படி கழித்தல் பக்கம் நகர்த்தலாம். டிஜிட்டல் ஜூமை மெனுவிலேயே அணைத்துவிடுங்கள். எடுத்த படத்தைப் பிறகு வெட்டிக்கொள்வதும் அதுவும் ஒன்றுதான்.

நம்மூர் வெயிலுக்கென்று தனியே ஒரு எச்சரிக்கை உண்டு. ஏசி அறையிலிருந்து நேரே வெளியே எடுத்துச் சென்றால் லென்ஸில் வியர்வை பூத்துக்கொள்ளும். துடைக்காமல், முன்னதாகவே பிளாஸ்டிக் உறையில் கட்டி எடுத்துச் சென்று, அரைமணி நேரம் கழித்துத் திறந்தால் அந்தத் தொல்லை இல்லை. நிறுத்திய காரின் முன்கண்ணாடிக்கு அடியில் கேமராவை விட்டுச் செல்லவே கூடாது.

மறுபடி பீரோவில் வைக்கும்போது செல்களைக் கழற்றிவிடுங்கள். மறந்துபோய் அல்கலைன் செல் கசிந்து, தொடுமுனைகளில் வெண்பொடி பூத்திருந்தால், பஞ்சுக்குச்சியில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு தோய்த்துத் துடைத்து, ஈரப் பஞ்சால் ஒருமுறை ஒற்றியெடுத்து, நன்கு காய்ந்த பிறகே புதுச் செல் போட வேண்டும்.