மாஸ்கோனி கப்பும் தேங்க்ஸ்கிவிங்கும் ஒரே வாரத்தில் வந்தால் என்ன செய்வது?

அமெரிக்காவில் இருந்துகொண்டு பூல் (மேசையில் கோலால் பந்தைத் தட்டிக் குழியில் போடுகிற ஆட்டம்) பைத்தியமாகவும் இருப்பவர்களுக்கு நவம்பர் கடைசி வாரம் கொஞ்சம் வில்லங்கமானது. ஒரு பக்கம் தேங்க்ஸ்கிவிங், வேறு வேறு ஊரில் இருக்கிற அண்ணன் தங்கை எல்லாம் ஒரே வீட்டில் கூடுகிற நீண்ட விடுமுறை. இன்னொரு பக்கம் மாஸ்கோனி கப், அணிக்கு ஐந்து பேராக ஐரோப்பாவும் அமெரிக்காவும் நைன்-பால் என்கிற ஒன்பது பந்து பூல் ஆட்டத்தில் மோதிக்கொள்கிற போட்டி. 2019இல் இது லாஸ் வேகஸ் மாண்டலே பேயில் நவம்பர் 25 முதல் 28 வரை நடந்தது, கடைசி நாள் அச்சு அசலாகத் தேங்க்ஸ்கிவிங் வியாழக்கிழமை. அமெரிக்கா 11-8 என்று ஜெயித்த அன்று எத்தனை வீடுகளில் ஒரு நாற்காலி காலியாக இருந்ததோ! 2024இல் ஓர்லாண்டோவில் நவம்பர் 30ஆம் தேதி ஆரம்பித்தது, விருந்துக்கும் முதல் ஆட்டத்துக்கும் நடுவில் வெள்ளிக்கிழமை ஒன்றுதான்.

இரண்டையும் விடாமல் பார்த்துக்கொள்ள வழி இருக்கிறது, ஆனால் நவம்பரில் உட்கார்ந்து யோசித்தால் நடக்காது.

முதலில் காலண்டரை எடுங்கள். தேங்க்ஸ்கிவிங் என்பது நவம்பரின் நான்காவது வியாழன், அதனால் 22 முதல் 28 வரை எந்தத் தேதியிலும் வரலாம், நம் தலையெழுத்து இந்த ஒரு வார இடைவெளிக்குள்தான் இருக்கிறது. 2019, 2024 இரண்டிலும் அது 28, அதாவது வரக்கூடியதிலேயே கடைசித் தேதி, அப்படிப்பட்ட வருஷங்களில் மாதக் கடைசியில் நடக்கிற எந்தப் போட்டியும் நேராக விருந்தில் வந்து மோதும். 2022இல் 24ஆம் தேதியே வந்துவிட்டது, லாஸ் வேகஸ் பாலிஸ் ஹோட்டலில் ஆட்டம் 30ஆம் தேதிதான் தொடங்கியது, சொந்தக்காரர் வீட்டிலிருந்து திரும்பி, துணி துவைத்து, இரண்டு நாள் ஆபீஸ் போய்விட்டுக் கிளம்பக்கூட அவகாசம் இருந்தது. இனி 2026இல் 26, 2027இல் 25, 2028இல் 23. மறுபடி 28 வருவது 2030இல்.

அடுத்து ஊர். 2020 வரை ஒற்றைப்படை வருஷங்களில் அமெரிக்காவில் நடந்து வந்தது, கொரோனா வருஷத்தில் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் பார்வையாளர் இல்லாமல் நடத்தியதற்கு அடுத்து 2021இலும் லண்டன், அதோடு முறை மாறிப்போனது. 2021, 2023, 2025 மூன்றும் லண்டன் அலெக்ஸாண்ட்ரா பேலஸ், 2022, 2024 அமெரிக்கா. லண்டன்காரர்களுக்குத் தேங்க்ஸ்கிவிங் கிடையாது, அங்கே நடக்கும்போது பெரும்பாலும் டிசம்பருக்குள் தள்ளிப் போய்விடுகிறது, 2025இல் டிசம்பர் 3 முதல் 6 வரை. ஆகவே இந்த முறை இப்படியே நீடித்தால் தலைவலி இரட்டைப்படை வருஷங்களில்தான். தேதி அறிவித்த அன்றே குடும்பக் காலண்டரில் நான்கு நாளையும் கட்டம் போட்டு வையுங்கள், நிச்சயமில்லை என்றாலும் பரவாயில்லை, பென்சிலால் போடுங்கள்.

சரி, இப்போது கஷ்டமான பகுதி, வீட்டில் சொல்வது. நிறைய பேர் டிக்கெட் எடுத்துவிட்டு, அதைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு, "ஏற்கெனவே புக் பண்ணிட்டேன்மா, திருப்பித் தர மாட்டான்" என்று சொல்கிறார்கள். இது அந்த வருஷத்துக்கு வேலை செய்யும். அதற்கு அடுத்த மூன்று வருஷத்துக்கு எந்தப் பேச்சு வந்தாலும் இந்த டிக்கெட் கதை வெளியே வரும். டிக்கெட்டுக்கு முன்னால் பேசுங்கள், பேசும்போது நீங்கள் எதற்கு வரமாட்டீர்கள் என்பதில் ஆரம்பிக்காமல் எதற்கெல்லாம் இருப்பீர்கள் என்பதில் ஆரம்பியுங்கள். விருந்து அக்கா வீட்டில் என்றால் அக்காவிடமே நேரடியாக: "அக்கா, புதன்கிழமையே வந்துடறோம், வியாழக்கிழமை சமையல்ல நானும் கூட நிக்கறேன், வெள்ளிக்கிழமை பசங்களைக் கடைக்குக் கூட்டிட்டுப் போறதும் என் பொறுப்பு. சனிக்கிழமை விடியக்காலைல மட்டும் நான் கிளம்பணும்." இதில் நேரம் தெளிவாக இருக்கிறது, வேலையும் இருக்கிறது. "பார்க்கலாம்க்கா, வரப் பார்க்கறேன்" என்கிற இழுவைதான் கோபத்தைக் கிளப்புவது, ஆட்டம் அல்ல.

மனைவியோ கணவரோ அந்தப் பக்கம் தனியாகக் குழந்தைகளோடு மாமியார் வீட்டில் மூன்று நாள் கூடுதலாக இருக்க வேண்டி வருகிறதா என்பதையும் யோசியுங்கள். அப்படியானால் அதுதான் உண்மையான செலவு, அரங்கத்து டிக்கெட் விலை இல்லை. அதற்கு ஈடாக என்ன தருவீர்கள் என்பதையும் அதே பேச்சில் முடித்துவிடுவது நல்லது, பொங்கல் வாரமோ, வசந்தகால விடுமுறையோ, அவர் கேட்கிற தேதியை அவரே எடுத்துக்கொள்ளட்டும். எந்தத் தேதி என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மறந்துபோவது எப்போதும் நாம்தான்.

பயணத்துக்கு வந்தால், அமெரிக்காவில் தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தைய புதன்கிழமையும் பிந்தைய ஞாயிற்றுக்கிழமையும் விமான நிலையங்கள் திருவிழாக் கூட்டமாக இருக்கும். ஞாயிறு இரண்டிலும் மோசம். வியாழக்கிழமை அன்றே பறப்பவர்கள் குறைவு, டிக்கெட்டும் பெரும்பாலும் மலிவு. 2024 மாதிரி சனிக்கிழமை தொடங்குகிற வருஷத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை நீங்கள் தானாகவே தப்பித்துவிடுகிறீர்கள், ஏனென்றால் அன்று நீங்கள் அரங்கத்துக்குள் இருக்கிறீர்கள், போட்டி செவ்வாய்க்கிழமை முடிந்து புதன்கிழமை திரும்பும்போது விமானம் காலியாக இருக்கும். ஆனால் குடும்பத்தில் மற்றவர்கள் அந்த ஞாயிற்றுக்கிழமையில்தான் பெட்டியும் குழந்தையுமாக மாட்டுவார்கள். அவர்களுக்கு சனிக்கிழமைக்கோ திங்கள்கிழமைக்கோ டிக்கெட் போடுங்கள், பள்ளி ஒரு நாள் போனால் போகட்டும்.

குடும்பத்தையே கூட்டிக்கொண்டு போகலாமா? ஊரைப் பொறுத்தது. ஓர்லாண்டோவுக்குக் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். 2024இல் ஆட்டம் நடந்த கரீப் ராயல், டிஸ்னி பூங்காக்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிற குடும்பங்கள் தங்குகிற விடுதி, விருந்து வார இறுதிக் கூட்டம் கலைந்தபின் திங்கள், செவ்வாயில் பூங்காவிலும் வரிசை குறைகிறது. லாஸ் வேகஸ் வேறு மாதிரி. அங்கே போட்டிகள் பெரும்பாலும் காசினோ ஹோட்டல்களில்தான், சூதாட்டத் தளத்தில் 21 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் நடந்து கடக்கலாம், நிற்க முடியாது, பத்து வயதுப் பையனை வைத்துக்கொண்டு அந்த ஹோட்டலுக்குள் நான்கு நாள் ஓட்டுவது பெரிய பாடு. இன்னொன்று, மாஸ்கோனி கப் கூட்டம் ஸ்னூக்கர் கூட்டம் போல மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்காது. பாட்டு, கத்தல், எதிரணிக்குக் கிண்டல், கையில் பியர் எல்லாம் உண்டு. அப்பாவுக்குப் பிடிக்கும் என்று எழுபது வயதுக்காரரைக் கூட்டிப்போவதற்கு முன் பழைய ஆட்டத்தின் ஒளிப்பதிவு ஒன்றைச் சத்தத்தோடு போட்டுக் காட்டுங்கள். சிலருக்கு ரொம்பவே பிடித்துப்போகிறது, அது வேறு விஷயம்.

நான்கு நாளும் வேண்டாம், இரண்டு நாள்தான் வீட்டில் அனுமதி என்றால் எந்த இரண்டு? எல்லாரும் கடைசி நாளைத்தான் எடுப்பார்கள். என் கட்சி வேறு. இந்தப் போட்டியில் ஒவ்வொரு ஆட்டமும் ஒரு புள்ளி, 11 புள்ளியை முதலில் எடுக்கிற அணி அந்த நிமிஷமே ஜெயித்துவிடும், மிச்சம் ஆட்டம் கிடையாது. 10-8 என்று போனால் கடைசி நாள் போல ஒரு நாள் உலகத்தில் இல்லை. மூன்றாம் நாள் ராத்திரியே ஒரு அணி எட்டு ஒன்பதைத் தொட்டுவிட்டால் நான்காம் நாள் நீங்கள் சீட்டில் உட்கார்ந்து கோட்டைக் கழற்றுவதற்குள் முடிந்துபோகலாம். அதனால் இரண்டாம் நாள், மூன்றாம் நாள். அந்த இரண்டு நாளும் பெரும்பாலும் முழு ஆட்டம் கிடைக்கும், இரட்டையர் ஆட்டம், ஒற்றையர் ஆட்டம் இரண்டும் இருக்கும், இழுபறி எந்தப் பக்கம் சாய்கிறது என்பதும் அங்கேதான் தெரியும். 2024இல் அந்த இரண்டு நாள் என்றால் ஞாயிறும் திங்களும், வெள்ளி சனி முழுக்க வீட்டுக்கு.

நீங்களே கோல் பிடித்து ஆடப் போகிறவர் என்றால் கணக்கு முற்றிலும் வேறு. பூலின் யூஎஸ் ஓபன் மாதிரிப் பெரிய போட்டிகளில் 256 பேர் ஆடுகிறார்கள், தொடக்கச் சுற்றுகளில் இரண்டு முறை தோற்றால்தான் வெளியே. கேட்க நன்றாக இருக்கிறது, வீட்டுக்கு என்றைக்கு வருவீர்கள் என்று உங்களுக்கே தெரியாது என்பதுதான் இதன் அர்த்தம். முதல் ஆட்டத்தில் தோற்றால் ஒருமுறை தோற்றவர்களுக்கான பிரிவில் அடுத்த ஆட்டம் அன்று ராத்திரியா மறுநாள் காலையா என்பது அட்டவணை வந்தால்தான் தெரியும். 2019இல் யூஎஸ் ஓபன் ஏப்ரல் 21 முதல் 26 வரை நடந்தது, 21ஆம் தேதி ஈஸ்டர் ஞாயிறு. யோஷுவா ஃபில்லர் இறுதியில் வூ ஜியாசிங்கை 13-10 என்று ஜெயித்தது வெள்ளிக்கிழமை, ஆனால் முதல் சுற்றுக்காகத் திருப்பலியையும் விருந்தையும் விட்டு வந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் அதற்கு ரொம்ப முன்பே பெட்டி கட்டியிருப்பார்கள்.

இதற்கு நான் சொல்வது: திரும்பும் டிக்கெட்டை மாற்றக்கூடியதாக எடுங்கள். பெரிய அமெரிக்க விமான நிறுவனங்கள் 2020இல் மாற்றக் கட்டணத்தை உள்நாட்டுப் பயணங்களுக்கு எடுத்துவிட்டன, ஆனால் ரொம்ப மலிவான பேசிக் எகானமியில் இந்தச் சலுகையைப் பெரும்பாலும் எதிர்பார்க்க முடியாது, அந்த முப்பது நாற்பது டாலரை மிச்சம் பிடிக்கப்போய் விருந்தைக் கோட்டை விடாதீர்கள். வீட்டில் இரண்டு தேதி சொல்லுங்கள், சீக்கிரம் வெளியேறினால் இது, கடைசி வரை போனால் இது என்று. "ஜெயிச்சா லேட்டாகும், தோத்தா சீக்கிரம் வந்துடுவேன்" என்று மட்டும் சொன்னால் வீட்டில் யார் பக்கம் வேண்டிக்கொள்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

போக முடியவில்லை, விருந்து வீட்டிலிருந்தே பார்க்க வேண்டும் என்று ஆகிவிட்டதா? வியாழக்கிழமை அன்று பெரிய டிவியை மறந்துவிடுங்கள், அமெரிக்கக் கால்பந்து அணிகளான டெட்ராய்ட் லயன்ஸும் டல்லாஸ் கவ்பாய்ஸும் ஒவ்வொரு தேங்க்ஸ்கிவிங்குக்கும் ஆடுவது வழக்கம், மைத்துனர் ரிமோட்டைத் தர மாட்டார். போனும் காதில் இயர்போனும்தான். மாஸ்கோனி கப்பில் ஓர் ஆட்டம் ஐந்து ரேக் (பந்துகளை ஒருமுறை அடுக்கி ஆடி முடிப்பது ஒரு ரேக்) முதலில் ஜெயிப்பவருக்கு, ஒரு ஷாட்டுக்கு 30 வினாடிதான், அதனால் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பாத்திரம் கழுவுகிற வேலையை நீங்களே கேட்டு வாங்கிக்கொண்டால் ஓர் ஆட்டத்தை யாரும் தொந்தரவு செய்யாமல் பார்த்துவிடலாம்.

அப்புறமாக ஒளிப்பதிவில் பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வாட்ஸ்அப் குழுக்களை மௌனத்தில் போடுவது எல்லாருக்கும் தெரியும், ஆனால் ஒளிப்பதிவுப் பட்டியலே முடிவைச் சொல்லிவிடும். கடைசி ஆட்டம் பதினேழாவது என்று இருந்தால் ஸ்கோர் 11-6 என்று கணக்குப் போட ஒரு வினாடி போதும், 2024இல் ஐரோப்பா ஜெயித்தது அந்தக் கணக்கில்தான். பட்டியலை நீங்கள் திறக்காதீர்கள், பூல் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம், வீட்டில் அப்படி ஆளுக்குப் பஞ்சமிருக்காது, போனைக் கொடுத்து முதல் ஆட்டத்தை மட்டும் எடுத்துத் தரச் சொல்லுங்கள்.