யானைக்கால்: புழுவை மட்டும் பார்த்தால் போதாது

யானைக்கால் நோய் கொசுவால் வருகிறது, அதற்குக் காரணம் ஃபைலேரியா புழு என்பது பலருக்கும் தெரியும். ஆனால் கால் அந்த அளவுக்குப் பெருத்துப்போவதற்குத் தோல் வழியே நுழையும் பாக்டீரியாதான் பெரும் காரணம் என்பது தெரிவதில்லை. வீடுகளில் நடக்கும் தவறுகள் பலவும் இதிலிருந்தே தொடங்குகின்றன.

நம் பக்கம் பெரும்பாலும் காணப்படுவது வூச்செரேரியா பேன்கிராஃப்டி என்னும் புழு. சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் பெருகும் க்யூலெக்ஸ் கொசு அதைக் கொண்டுவருகிறது. நூல் போன்ற இந்தப் புழு, திசுக்களில் சேரும் நிணநீர் என்னும் திரவத்தை ரத்தத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் நிணநீர்க் குழாய்களுக்குள் 6 முதல் 8 ஆண்டுகள் வரை உயிரோடு இருக்கும். அது இருக்கும் இடத்தில் குழாய் விரிந்து வால்வுகள் பழுதாவதால், நிணநீர் மேலே ஏற முடியாமல் காலில் தேங்கும். அப்படித் தேங்கிய காலில் தோலுக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு. நலமான தோலுக்குள் எளிதில் நுழைய முடியாத ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவுக்கு இங்கே ஒரு சேற்றுப்புண்ணோ பித்தவெடிப்போ போதும், உள்ளே போய்விடும். உடனே நடுக்கும் குளிர்காய்ச்சல் வரும். கால் சிவந்து சூடாகி, தொட்டாலே வலிக்கும். தொடை இடுக்கில் நெறி கட்டும். இப்படி வந்து போகும் ஒவ்வொரு முறையும் மிச்சமிருக்கும் குழாய்கள் கெடுகின்றன, தோல் தடிக்கிறது. முதலில் இரவு படுத்து எழுந்தால் வடிந்துவிடும் வீக்கம், பிறகு வடியாமல் நின்று, மடிப்பும் முடிச்சுமாக மாறுவது இப்படித்தான்.

அதனால் இந்தக் காய்ச்சலை 'அமாவாசைக் காய்ச்சல், தானாகப் போய்விடும்' என்று விடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. அன்றே மருத்துவரிடம் போய் ஆன்டிபயாடிக் எழுதி வாங்க வேண்டும். காய்ச்சல் விட்டதும் பாதியில் நிறுத்தக் கூடாது. அந்த நாட்களில் சுடு ஒத்தடம், உருவி விடுதல், இறுக்கமான கட்டு, உடற்பயிற்சி, பச்சிலைப் பத்து எதுவும் வேண்டாம். காலை உயர்த்தி வைத்து ஓய்வெடுங்கள், குளிர்ந்த நீரில் நனைத்த துணியைப் போடுங்கள், நிறையத் தண்ணீர் குடியுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் டிஇசி மாத்திரையை எடுத்துப் போடுவோரும் உண்டு. அது புழுவுக்கான மருந்து, இந்தக் காய்ச்சலைத் தணிக்காது. காய்ச்சலும் வலியும் இருக்கும்போது அதைத் தொடங்கவும் கூடாது.

அடுத்தது கழுவுதல். பலரும் கழுவத்தான் செய்கிறார்கள், கழுவும் விதத்தில்தான் பிசகு. வெந்நீர் வேண்டாம், சாதாரண நல்ல தண்ணீரும் மென்மையான சோப்பும் போதும். வீக்கம் தொடங்கும் மேல்பகுதியிலிருந்து பாதம் வரை கையாலோ மெல்லிய துணியாலோ தேயுங்கள். பிரஷ், பீர்க்கங்கூடு, குதிகாலைத் துவைக்கும் கல்லில் உரசும் பழக்கம் எல்லாம் கண்ணுக்குத் தெரியாத கீறல்களை உண்டாக்கும். ஒவ்வொரு விரலிடுக்கையும், ஒவ்வொரு தோல் மடிப்பையும் விரித்துக் கழுவி, வழியும் தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். காலை, இரவு இரண்டு வேளையும் செய்வது நல்லது.

கழுவியபின் ஈரத்தை விட்டுவிட்டால் அத்தனையும் வீண். பருத்தித் துணியை ஒற்றி ஒற்றி எடுங்கள், விரலிடுக்கில் துணி நுனியைச் செருகி உலர்த்துங்கள். பிறகு நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். நாலாவது, அஞ்சாவது விரல்களுக்கு நடுவே வெள்ளையாக ஊறிப்போன தோல் இருந்தால் அது பூஞ்சை, பாக்டீரியாவுக்கு அதுவே வாசல். க்ளோட்ரிமசோல் போன்ற பூஞ்சைக் களிம்பைச் சில நாளில் விட்டுவிடாமல் மருத்துவர் சொன்ன காலம் முழுக்கத் தடவ வேண்டும். நகத்தை ஒட்ட வெட்டாதீர்கள்.

காலை உயர்த்துவதிலும் அரைகுறைதான் நடக்கிறது. உட்காரும்போது பாதம் இடுப்பளவுக்கு வர வேண்டும். சின்ன முக்காலி பற்றாது. படுக்கும்போது கட்டிலின் கால்மாட்டில் செங்கல் வைத்து உயர்த்தலாம். இதய நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

புழுப் பரவலைத் தடுக்க ஊரில் எல்லோருக்கும் மாத்திரை கொடுக்கும்போது 'எனக்குத்தான் ஒன்றும் இல்லையே' என்று மறுப்பது இன்னொரு தவறு. ரத்தத்தில் மைக்ரோஃபைலேரியா, அதாவது இந்தப் புழுவின் குஞ்சுகள், உள்ள பலர் பார்ப்பதற்கு நலமாகவே இருப்பார்கள், கொசு எடுத்துச் செல்வதும் அவர்களிடமிருந்துதான். பெரியவர்களுக்கு 100 மில்லிகிராம் டிஇசி மூன்று, 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் ஒன்று. சாப்பிட்டபின் விழுங்க வேண்டும். சில இடங்களில் ஐவர்மெக்டினும் சேர்த்துத் தருவார்கள். கர்ப்பிணிகளுக்கும் 2 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் கடும் நோயாளிகளுக்கும் கிடையாது. விழுங்கியபின் சிலருக்குக் காய்ச்சலும் தலைவலியும் வருவதற்குக் காரணம், மைக்ரோஃபைலேரியாக்கள் செத்து அவற்றினுள் இருப்பவை ரத்தத்தில் கலப்பது.

புழுவின் உள்ளே இருப்பவற்றில் ஒன்று வோல்பாகியா என்னும் பாக்டீரியா. அது இல்லாமல் இந்தப் புழுவால் இனப்பெருக்கம் செய்யவும் நெடுநாள் வாழவும் முடியாது. டாக்ஸிசைக்ளின் என்னும் ஆன்டிபயாடிக் இந்தப் பாக்டீரியாவை அழித்துப் புழுவை மலடாக்குவது அதனால்தான். ஆனால் அதற்குத் தினம் 200 மில்லிகிராம் என 4 முதல் 6 வாரம் தேவைப்படும். கடையில் வாங்கி நாலு நாள் போட்டால் புழுவுக்கு ஒன்றும் ஆகாது. கர்ப்பிணிகளுக்கும் 8 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கும் இது ஆகாது என்பதால் மருத்துவர் பார்த்துத்தான் தர வேண்டும்.

ரத்தப் பரிசோதனையைப் பகலில் செய்துவிட்டு 'இல்லை' என்று நிம்மதி அடைய வேண்டாம். மைக்ரோஃபைலேரியா இரவு 10 மணியிலிருந்து 2 மணிக்குள்தான் ரத்த ஓட்டத்தில் மிகுதியாக வரும். வீங்கிய கால் உள்ள பலருக்கு இரவு எடுத்தாலும் இருக்காது. புழு செத்திருக்கும், குழாயின் பழுது மட்டும் மிஞ்சியிருக்கும். அவர்களைத் தொட்டால் நோய் ஒட்டாது. புழு பரவல் அடங்கிய ஊரிலும் அவர்களுக்குக் கழுவுதல் நிற்காது. 2016இல் யானைக்கால் நோய் இனிப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை அல்ல என்று உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றளித்தது. அங்கே ஏற்கெனவே கால் வீங்கியவர்களுக்கு இந்தப் பராமரிப்பு இன்றும் தேவைதான்.

இதே புழுவால் ஆண்களுக்கு விதைப்பையில் நீர் கோத்து வரும் விரைவீக்கத்துக்கு மட்டும் வழி வேறு. அதற்குக் களிம்போ கட்டோ பயன்படாது, அறுவை சிகிச்சைதான் தீர்வு.