திறாங்கைப் பார்த்த பிறகே முற்பணம்

நல்லூர்த் திருவிழாவுக்காகக் கனடாவிலிருந்து யாழ்ப்பாணம் செல்பவர்கள், விடுதியில் அறையைக் காட்டும்போது மெத்தையை அமுக்கிப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கதவை உள்ளிருந்து பூட்டிப் பார்க்க வேண்டும். திருவிழா நடக்கும் 25 நாட்களிலும் அறை கிடைப்பது அரிது என்பதால், கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து இரவிரவாக வான் வண்டியில் வந்து இறங்கும் நாம் எதையும் கேட்காமல் முற்பணத்தை நீட்டிவிடுகிறோம்.

நானும் நீட்டினேன். எங்கள் அறைக் கதவில் திறாங்கு, அதாவது உள்தாழ்ப்பாள், இருந்தது. அது போய்ச் செருகும் துளைதான் இல்லை. “இஞ்சை ஒரு பயமும் இல்லை அண்ணை” என்றான் வரவேற்பு மேசைப் பையன். மூன்றாம் நாள் இரவு இரண்டு மணிக்குக் கதவு வெளியிலிருந்து திறந்தது. பயணப் பைகளோடு நின்ற இருவருக்கும் எங்கள் அறையின் மாற்றுத் திறப்பை விடுதிக்காரர்களே கொடுத்திருந்தார்கள். மகள் அலறியதில் மாடி முழுவதும் விழித்துக்கொண்டது. கீழே வாங்கில் படுத்திருந்த காவலாளி மட்டும் விழிக்கவில்லை.

விடிந்தபின் வந்த முகாமையாளர், “ஒண்டும் களவு போகேல்லைத்தானே” என்றார். வந்த அன்று வாங்கி வைத்த கடவுச்சீட்டுகளைத் திருப்பிக் கேட்டதற்கு, முழுக் கணக்கையும் முடித்தால்தான் தரலாம் என்றார். அரை நாள் அந்த மேசையின் முன் நின்றேன். சுற்றுலா அதிகாரசபையின் 1912 என்ற இலக்கத்துக்கு அழைக்கப்போவதாகச் சொன்ன பிறகே கடவுச்சீட்டுகள் இழுப்பறையிலிருந்து வெளியே வந்தன. ஆகவே பிரதியை மட்டும் கொடுங்கள். மூலத்தைப் பார்க்க வேண்டுமென்றால் உங்கள் கண்முன்னே பார்த்துத் தரட்டும். பொலிசுக்கு 119, இலவச அம்புலன்சுக்கு 1990. குளியலறைச் சுடுநீர்க் கருவி சற்றே ‘சுர்’ என்றாலும் அறையை மாற்றுங்கள். அங்கே ஓடுவது நாம் பழகிய 120 வோல்ட் அல்ல, 230. பற்றுச்சீட்டில் வரும் 18 வீத வரியை எவரும் தவிர்க்க முடியாது. ஆனால் 10 வீதச் சேவைக் கட்டணம் எந்தச் சேவைக்கு என்று நான் கேட்டதற்கு அந்த மேசையில் எவரும் பதில் சொல்லவில்லை.

வேறு விடுதிகளில் இடமில்லை. செய்தி அறிந்து மானிப்பாயிலிருந்து வந்த மாமி, “வீடு இருக்க ஏன் தம்பி இஞ்ச கிடந்து பயப்பிடுறியள்?” என்று கேட்டார். அம்மா போனபின் பூட்டிக் கிடக்கும் எங்கள் வீட்டைத்தான் சொன்னார். அதன் திறப்பு அவரிடம் ஐந்து வருடமாக இருக்கிறது. நான் ஒருமுறையும் கேட்டதில்லை. கழிவறை பழுது, கிணறு இறைக்கவில்லை என்று ஏதேதோ சொன்னேன்.

உட்பக்கம் திறக்கும் கதவென்றால் அடியில் செருக ஓர் ஆப்புப் போதும். அவசரத்துக்குக் காலால் தட்டியெடுக்கக் கூடியதாக இருக்க வேண்டும். பின்னேரம் மாமி அப்படியொன்றைக் கொண்டுவந்தார்: எங்கள் வாசற்கதவு காற்றுக்கு அடிபடாமல் அம்மா செருகி வைக்கும் வேப்பங்கட்டை. மிச்ச நான்கு இரவும் அதைச் செருகிவிட்டுத்தான் படுத்தோம்.