அணையாத 3ஆம் ஸோன் விளக்கு: என் அனுபவம்

குளச்சலில் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு. உப்புக் காற்றில், திருட்டு அலாரத்துக்காகப் பின்வாசல் கதவில் இருந்த காந்த சென்சார் (கதவு திறந்திருப்பதைக் கண்டறிவது) துருவேறிவிட்டது. இரண்டே கம்பிகள்தானே என்று புதியதை நானே மாட்டினேன். அன்றிலிருந்து அலாரப் பெட்டியில் 3ஆம் ஸோன் (பின்வாசலுக்கான பகுதி) விளக்கு அணையவே இல்லை. அலாரத்தை இயக்கவும் முடியவில்லை.

காந்தத்தை நெருக்கி வைத்தேன். கம்பிகளை இடம் மாற்றினேன். இந்த வகை சென்சாரில் அதனால் எந்த வேறுபாடும் வராது. 12 வோல்ட் பேட்டரியை மாற்றினேன். நாகர்கோவில் வடசேரி வரை போய் இன்னொரு சென்சாரும் வாங்கி வந்தேன். நான்கு நாள் வீணானது.

கடைசியில் கம்பிகளைப் பெட்டியிலிருந்து கழற்றி, மல்டிமீட்டரில் மின்தடையை அளந்தேன். கதவு மூடியிருக்கையில் கிட்டத்தட்ட 0 ஓம். திறந்தால் இணைப்பே இல்லை. சென்சார் சரியாகத்தான் இருந்தது! ஒப்பிடுவதற்காக முன்வாசல் கம்பிகளை அளந்தேன். மூடிய நிலையில் 5,600 ஓம் காட்டியது. அங்கேதான் பிடி கிடைத்தது.

குப்பைக் கூடையிலிருந்து பழைய சென்சாரை எடுத்து அதன் டேப்பைப் பிரித்தேன். திருகின் அடியில் அரிசி மணி அளவில் ஒரு ரெசிஸ்டர் (மின்தடை தரும் சிறு பாகம்): பச்சை, நீலம், சிவப்புக் கோடுகள், அதாவது அதே 5,600 ஓம். கம்பியை யாரேனும் குறுக்கே இணைத்து ஏமாற்றினால் கண்டுபிடிக்கத்தான் அது. 0 ஓம் வந்தால் பெட்டி அதைக் கோளாறு என்றே எடுத்துக்கொள்ளும்.

அதே மதிப்புள்ள ரெசிஸ்டரைச் சென்சார் முனையில் தொடராகப் பற்றவைத்தேன். பெட்டியின் பக்கம் வைத்தால் அந்தப் பாதுகாப்பே போய்விடும். விளக்கு உடனே அணைந்தது. அப்பாடா!