டபிள்யூஎஸ்டிஎல் கோப்பிலிருந்து கிளையன்ட் புராக்சி உருவாக்குவது எப்படி: முதல் முறை செய்பவர்களுக்கு

பெங்களூரு கலாசிபாளையத்தில் என் சித்தப்பா நடத்தும் பார்சல் புக்கிங் அலுவலகத்துக்கு, சேலம், ஈரோடு வழித்தடங்களுக்கான கட்டணத்தைக் காட்டும் சிறிய நிரல் ஒன்றை எழுதித் தந்தேன். கட்டணத்தைக் கணக்கிடுவது அவர் சரக்கு ஏற்றி அனுப்பும் நிறுவனத்தின் சோப் வெப் சர்வீஸ், அதாவது எக்ஸ்எம்எல் செய்திகளாகக் கேள்வியும் பதிலும் பரிமாறும் இணையச் சேவை. அதை அழைப்பதற்கான எக்ஸ்எம்எல்லைக் கையால் எழுதத் தேவையில்லை. சர்வீஸ் எந்தெந்தச் செயல்களைத் தருகிறது, ஒவ்வொன்றுக்கும் என்ன விவரம் வேண்டும் என்பதை டபிள்யூஎஸ்டிஎல் என்னும் விவரணக் கோப்பே சொல்லிவிடுவதால், அதைப் படித்து நமக்கான வகுப்புகளைக் கருவியே எழுதித் தரும். அந்த வகுப்புகளைத்தான் புராக்சி என்கிறோம். இங்கே டாட்நெட், சி ஷார்ப் வழியை விளக்குகிறேன். ஜாவாவில் பழகியவர்களுக்கு ஒரு குறிப்பு: ஜேடிகே என்னும் ஜாவா நிரலாக்கத் தொகுப்புடன் வந்துகொண்டிருந்த, இதே வேலையைச் செய்யும் டபிள்யூஎஸ்இம்போர்ட் கருவி, 2018இல் வெளியான ஜாவா 11இல் நீக்கப்பட்டுவிட்டது, அதைத் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

முதலில், சர்வீஸ் முகவரியின் இறுதியில் கேள்விக்குறியும் டபிள்யூஎஸ்டிஎல் என்ற சொல்லும் சேர்த்து உலாவியில் திறந்து, வருவதை உங்கள் புராஜெக்ட் கோப்புறையில் சேமியுங்கள். தரவு வகைகளை விவரிக்கும் எக்ஸ்எஸ்டி கோப்புகளை அது சுட்டினால் அவற்றையும் சேமித்து, சுட்டும் இடங்களை உள்ளூர்க் கோப்புப் பெயர்களாக மாற்றுங்கள். நேரடி முகவரியிலிருந்தும் உருவாக்கலாம் என்றாலும், நகல் கையில் இருந்தால்தான் அடுத்த மாதம் எது மாறியது என்று ஒப்பிட முடியும். நகலின் கடைசியில் உள்ள முகவரி வரியைக் கட்டாயம் பாருங்கள். அதில் வெளியிலிருந்து எட்டவே முடியாத உள் சர்வரின் பெயர் இருப்பது மிகவும் சாதாரணம். உண்மையான முகவரி எச்டிடிபிஎஸ் என்று தொடங்கினால், நகலிலேயே அப்படித் திருத்திவிட்டு மேலே செல்லுங்கள். இல்லையெனில் பிறகு எச்டிடிபிதான் எதிர்பார்க்கப்படுகிறது என்ற பிழைச் செய்தியோடு நிரல் நின்றுவிடும்.

அடுத்து, டாட்நெட் டூல் இன்ஸ்டால் கட்டளையில் குளோபல் என்ற தேர்வுடன் டாட்நெட்-எஸ்விசியுட்டில் என்ற கருவியை நிறுவுங்கள். பின்பு சிஎஸ்புரோஜ் என்னும் புராஜெக்ட் கோப்பு இருக்கும் கோப்புறைக்குச் சென்று, கருவியின் பெயரையும் சேமித்த கோப்பின் பெயரையும் ஒரே வரியில் கொடுங்கள். சர்வீஸ்ரெஃபரன்ஸ் என்ற கோப்புறையும் அதனுள் ரெஃபரன்ஸ்.சிஎஸ் கோப்பும் உருவாகும். தேவையான பேக்கேஜ்களும் புராஜெக்டில் சேர்ந்துவிடும். ரெஃபரன்ஸ்.சிஎஸ் கோப்பில் கிளையன்ட் என்று பெயர் முடியும் வகுப்பைத் தேடி, அதற்கொரு பொருளை உருவாக்கி, ஏசிங்க் என்று முடியும் முறையை அவெயிட் போட்டு அழைத்தால் பதில் வந்துவிடும்.

இங்கேதான் நான் வழுக்கினேன். விருப்பத்துக்கு விடப்பட்ட எண் புலங்களுக்கு, எக்ஸ்எம்எல் சீரியலைசர் (பொருள்களை எக்ஸ்எம்எல்லாக மாற்றும் பகுதி) முறையில் உருவாகும் நிரலில், இரண்டு உறுப்புகள் இருக்கும்: ஒன்று மதிப்பு, மற்றொன்று அதே பெயரோடு ஸ்பெசிஃபைட் என்று முடியும் ஆம்-இல்லைப் புலம். இரண்டாவதை ட்ரூ என்று வைக்காவிட்டால், முதலாவதில் என்ன எண்ணை எழுதினாலும் அது சர்வருக்குப் போகாது, பிழையும் வராது. இன்சூரன்ஸ் தொகையை நிரப்பிய நான் அந்தத் துணைப் புலத்தைக் கவனிக்கவில்லை. இரண்டு நாள் சரக்குகள் இன்சூரன்ஸ் இல்லாமலே புக்கிங் ஆகியிருந்ததை, ரசீதைப் பார்த்து சித்தப்பாதான் கண்டுபிடித்தார். ஆகவே உருவான கோப்பைத் திறந்தவுடன் ஸ்பெசிஃபைட் என்று தேடிப் பார்த்துவிடுங்கள்.

அந்தக் கோப்பில் எதையும் கையால் மாற்றாதீர்கள். அடுத்த முறை உருவாக்கும்போது உங்கள் திருத்தம் அழிந்துபோகும். மாற்றம் வேண்டுமென்றால் தனிக் கோப்பில் எழுதுங்கள். எடுத்துக்காட்டாக, பதிலுக்காக நிரல் காத்திருக்கும் நேரம்: வழக்கமாக அது 1 நிமிடம், கவுன்டரில் நிற்கும் வாடிக்கையாளரோ அவ்வளவு பொறுக்க மாட்டார். கிளையன்ட் வகுப்பு பார்ஷியல் என்று அறிவிக்கப்பட்டிருப்பதால், அதே நேம்ஸ்பேஸில் வேறொரு கோப்பில் அதே வகுப்பைத் திறந்து, கன்ஃபிகர்எண்ட்பாயிண்ட் என்ற முறையை எழுதி, அதற்குள் பைண்டிங்கின் (இணைப்பு அமைப்புகளின்) சென்ட்டைம்அவுட் என்னும் அந்தக் காத்திருப்பு நேரத்தை 20 விநாடியாகக் குறைத்துக்கொள்ளலாம்.

வேலை முடிந்ததும் கிளையன்டை மூடுங்கள். இணைப்பு ஃபால்டட் நிலையில், அதாவது பிழையால் பழுதாகி இருந்தால் குளோஸ் அல்ல, அபார்ட் என்ற முறையை அழைக்க வேண்டும்.

சர்வீஸ் மாறினால் புதிய நகலைப் பழையதன் இடத்தில் வைத்து, டாட்நெட்-எஸ்விசியுட்டிலை அப்டேட் என்ற தேர்வுடன் இயக்குங்கள். முதல் முறை கொடுத்த அமைப்புகளை அது கோப்புறையிலுள்ள ஜேசான் கோப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். கட்டணத்தை முழு ரூபாயாக அனுப்பிக்கொண்டிருந்தவர்கள் பைசாவையும் சேர்த்துத் தசம எண்ணாக மாற்றியபோது, நான் அப்டேட் செய்தவுடன் கம்பைலர் சரியாக ஒரே ஒரு வரியில் நின்றது. கட்டணத்தை இன்ட் மாறியில் வாங்கிய வரி அது. அதை டெசிமல் என்று திருத்த அரை நிமிடம்கூட ஆகவில்லை.