ராஜா ரசிகர் என்று மெயில் ஐடியும் ஹெல்மெட்டும் சொல்ல

இளையராஜா பெயரை மெயில் ஐடியில் முழுசாகப் போடாதீர்கள். ஆங்கிலத்தில் அதை ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். போனில் சொன்னால் 'ஏ' ஒன்றா இரண்டா என்று குழம்பி, மெயில் வேறு யாருக்கோ போய்விடும். உங்கள் பெயர், 'ராஜா', அவர் திரைக்கு வந்த 1976-இன் 76, இவ்வளவு போதும். ஜிமெயில் புள்ளியைக் கணக்கில் எடுக்காது. ஆகவே நீங்கள் கேட்கும் ஐடி வேறொருவரிடம் இருந்தால், புள்ளி சேர்த்து அதையே புது ஐடியாக வாங்க முடியாது.

ஹெல்மெட்டுக்கு 5 செ.மீ.க்குள் உள்ள வினைல் ஸ்டிக்கர்தான் சரி. பெரிதானால் வளைவில் சுருங்கும். ஷாம்பு தண்ணீரால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். பெட்ரோல், தின்னர் வேண்டவே வேண்டாம், ஹெல்மெட்டின் வெளி ஓட்டுப் பிளாஸ்டிக்கை அரித்துவிடும். நடுவில் அழுத்தி, விரலால் ஓரம் நோக்கித் தேய்த்தால் காற்றுக் குமிழி வெளியேறும். ஒரு நாள் நனைக்காதீர்கள். கண்ணாடி மூடியில் மட்டும் ஒட்டவே கூடாது, பார்வையை மறைக்கும்.